கருகிய மீனும் படகுத்துறைக் குத்தகையும்

பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் முக்கால் மணி நேரம். படகில் போனால் ஏழு நிமிடம். அதனால் நகரத்தில் பாதிப் பேருக்கு நாள் படகில்தான் தொடங்கும், படகில்தான் முடியும். படகுத்துறையின் குத்தகை இருபத்திரண்டு வருடங்களாக ஒரே ஆளிடம் இருந்தது. காலம் முடியும்போதெல்லாம் அவர் நகராட்சிக்கு வருவார், யாரோ ஒருவர் கையெழுத்துப் போடுவார், இன்னும் நாலு வருடம் நீளும். வேறு யாரும் போட்டிக்கு வந்ததில்லை. வரலாம் என்று யாருக்கும் யாரும் சொன்னதுமில்லை. வயதாகி அவர் மகள் வீட்டோடு போய்விட்ட பிறகு, நகரமன்றம் கூடி, இந்த முறையாவது ஒழுங்காக டெண்டர் விடுவோம் என்று முடிவு செய்தது. அதுவரை படகை நகராட்சியே ஓட்டும்.

டெண்டர் பிரிவில் மூன்று பேர். ஒருவர் பிரசவ விடுப்பில் இருந்தார். மிச்சம் இரண்டு பேர்: பிரிவின் அதிகாரியும் எழுத்தரான அக்காவும். அதிகாரியை அலுவலகம் முழுக்க 'நூல்பிடி' என்றுதான் சொல்லும். மேசையில் அளவுகோலும் பேனாவும் இணையாக இருக்கவேண்டும் அவருக்கு. சுவரில் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார்: 'ஒருவருக்குச் சொன்னது எல்லோருக்கும்.' டெண்டரில் கலந்துகொள்ளும் யாரும் ஜன்னலுக்கு வந்து கேள்வி கேட்கலாம். அக்கா பதில் சொல்வாள். கேட்ட இடம், நேரம், கேள்வி, பதில் எல்லாம் பதிவேட்டில் ஏறும். மறுநாள் காலை அதன் நகல் எல்லாப் போட்டியாளருக்கும் போகும், வாசல் பலகையிலும் தொங்கும்.

அக்காவின் தம்பி பதினான்கு வருடமாக அந்தப் படகின் சுக்கானைப் பிடித்தவன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆற்றில் எந்த இடத்தில் எத்தனை ஆழம் என்று சொல்வான். அவனும் டெண்டர் போட்டான். வேறு யாராவது ஜெயித்தால் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். அப்புறம் அவனுக்கு ஆறு என்பது கரையில் நின்று பார்க்கிற ஒன்றாகிவிடும். இது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்: அக்காவுக்கு, தம்பிக்கு, தம்பி மனைவிக்கு.

தம்பி மனுப் போட்ட அன்றே அக்கா நூல்பிடியிடம் எழுதிக் கொடுத்தாள். 'இரண்டாம் எண் போட்டியாளர் என் உடன்பிறந்த தம்பி. ஒரே வீடு, ஒரே அடுப்பு.' அவர் இரண்டு முறை படித்தார். உறைகளைப் பிரிப்பதிலும் முடிவு எடுப்பதிலும் அவள் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஜன்னலையும் பதிவேட்டையும் பார்க்க வேறு ஆளில்லாததால் அவை அவளிடமே இருந்தன. வீட்டில் இது பற்றிப் பேச்சே இருக்கக் கூடாது என்றார். அக்கா சரி என்றாள்.

சரி என்று சொல்வது சுலபம். படகைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஆரம்பித்தார்கள். பிறகு ஆற்றைப் பற்றிப் பேசினால் படகு வந்துவிடுகிறது என்று ஆற்றையும் தள்ளினார்கள். மழையைப் பற்றிப் பேசினால் ஆறு வந்துவிடுகிறது. நாலாம் நாள் மழையும் போயிற்று. ஒரு வாரத்தில் அந்த வீட்டில் பேச மிஞ்சியது எதிர்வீட்டுத் தையல்காரரின் முதுகுவலி மட்டும்தான். அவருக்கு முதுகு சரியாகிவிட்டால் நாம் என்ன செய்வோம் என்று தம்பி மனைவி கவலைப்பட்டாள்.

தம்பி இன்னும் ஒரு படி மேலே போனான். எழுத்தரின் தம்பி ஜன்னலில் நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று ஜன்னல் பக்கமே போகவில்லை. எல்லாரும் கேட்கிற கேள்வியை அவனும் கேட்கலாம். கேட்கத்தான் அந்த ஜன்னல். அவனோ நகராட்சிக் கட்டடம் இருக்கிற தெருவையே சுற்றிக்கொண்டு போனான்.

பத்தாம் நாள் சாயங்காலம். மீன் கொஞ்சம் கருகிவிட்டது. தம்பி மனைவி அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டே பரிமாறினாள். தம்பி தட்டைப் பார்த்தபடி எங்கோ இருந்தான். படகில் எத்தனை பேரை ஏற்றலாம், ஒரு நாளைக்கு எத்தனை நடை ஓட்டலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். டெண்டரின் உயிர்நாடியே அதுதான். கட்டணத்தை நகராட்சி முன்பே நிர்ணயித்துவிட்டது. யார் அதிக நடைக்கு உறுதி தருகிறாரோ அவருக்குக் குத்தகை. சொன்ன நடை குறைந்தால் அபராதம்.

வாய் தானாகத் திறந்தது. "சைக்கிளோட ஏறினா ஒரு ஆளா, ரெண்டு ஆளா?"

அன்று ஜன்னலில் வரி, உரிமம், டெண்டர் என்று பல பேருக்குப் பல பதில் சொல்லிக் களைத்திருந்த அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரு ஆள்தான். சைக்கிள் கணக்குல வராது."

கரண்டி பாதி வழியில் நின்றது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"போச்சு," என்றாள் தம்பி மனைவி.

காதில் விழவே இல்லை என்றான் தம்பி. சத்தியம் செய்கிறேன் என்றான். நீ சொன்னதையே மறந்துவிட்டேன், ஒரு ஆளா இரண்டு ஆளா என்றே தெரியாது என்றான். அக்கா மீனின் கருகிய பக்கத்தையும் சேர்த்துச் சாப்பிட்டு முடித்தாள்.

காலையில் பதிவேட்டைத் திறந்தாள். கேள்வி எண் ஒன்பது. கேள்வியும் பதிலும் எழுதுவதில் சிரமமில்லை. இடம் என்ற கட்டத்தில்தான் பேனா நின்றது. அதற்கு மேலே எட்டு வரியிலும் 'அலுவலக ஜன்னல்' என்றிருந்தது. அதையே ஒன்பதாவது முறையும் எழுதினால் ஒரு குருவிக்கும் தெரியப்போவதில்லை. அவள் எழுதினாள்: 'இடம்: எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. நேரம்: மாலை 7.20. கேட்டவர்: போட்டியாளர் எண் 2.'

நூல்பிடி அதைப் படித்துக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுப் படித்தார். "நகல் அனுப்பும்மா," என்றார்.

மத்தியானத்துக்குள் பலகை முன்னால் கூட்டம். நகராட்சி அறிவிப்பை ஜனங்கள் ஆசையாகப் படித்தது அதுதான் முதல் தடவை. தபால்காரர் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினாராம். மாலையில் தம்பி வீட்டுக்கு வந்தபோது காது சிவந்திருந்தது. படகில் ஏறிய எல்லாரும் இன்று சாப்பாட்டுக்கு என்ன கேள்வி என்று விசாரித்தார்களாம்.

"இடத்தை எழுதாம விட்டிருக்கலாம்ல?"

"விட்டிருக்கலாம். அப்புறம் யாராவது மோப்பம் பிடிச்சா உன் மனுவோட சேர்த்து என்னையும் தூக்கி எறிவாங்க."

"இப்ப மட்டும்?"

அவள் தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

மற்ற இரண்டு போட்டியாளர்களும் மறுநாளே கடிதம் கொடுத்தார்கள். முதல் கடிதம் மோட்டார்க்கடை அம்மாவுடையது. ஆற்றங்கரையில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். கையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருக்கும். பேச்சு அதைவிடக் கெட்டி. கடிதம் நாலே வரி. 'ஒருவருக்குச் சாப்பாட்டு மேசை கிடைத்திருக்கிறது. எனக்குக் கிடைத்தது ஜன்னல். அதுவும் வரிசையில் நின்று. சம வாய்ப்பு வேண்டும்.' இரண்டாவது கடிதம் வெளியூர்ப் படகுக் கம்பெனியுடையது. அதைக் கொண்டுவந்தவர் கோட்டுப் போட்ட ஓர் இளைஞர். அது மூன்று பக்கம். சாரம் ஒன்றுதான்: இரண்டாம் எண்ணை நீக்க வேண்டும்.

நூல்பிடி அன்று முழுக்கத் தாழ்வாரத்தில் நடந்தார். அக்கா ஜன்னலில் உட்கார்ந்து அவருடைய காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். தம்பியைத் தன் கையெழுத்தாலேயே ஆற்றிலிருந்து இறக்கிவிட்டோமோ என்ற நினைப்பில் எண்ணிக்கை தவறியது. நாலு மணிக்கு அவர் விதிப்புத்தகத்தோடு வந்தார்.

"சமமில்லாம போயிருந்தா சமப்படுத்தணும், முடியாதுன்னா நீக்கணும். முதல்ல சமப்படுத்தணும்னுதான் எழுதியிருக்கு." அவர் புத்தகத்தை மூடினார். "உங்க மேசைல எத்தனை பேர் உட்காரலாம்?"

நாலு பேர் என்றாள் அக்கா. இழுத்துப் போட்டால் ஐந்து.

"அப்ப அவங்க ரெண்டு பேரும் உங்க வீட்டுல சாப்பிடட்டும். அதே மேசை, அதே நேரம். என்ன வேணும்னாலும் கேக்கட்டும். நான் வந்து எழுதிக்கிறேன். உங்க தம்பி மட்டும் வெளியில இருக்கணும். அன்னிக்கு இவங்க இல்லையே."

மோட்டார்க்கடை அம்மா உடனே ஒத்துக்கொண்டார். கம்பெனி ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டது: அன்று இரண்டாம் எண் என்ன சாப்பிட்டாரோ அதுவே தங்கள் பிரதிநிதிக்கும் வேண்டும்.

செய்தியைக் கேட்டதும் தம்பி மனைவி இடுப்பில் கை வைத்தாள். "வீட்டுக்கு வர்றவங்களுக்குக் கருகின மீனா? நம்ம வீட்டு மானம் என்ன ஆகுறது அண்ணி? கருகவெல்லாம் முடியாது."

சமமாக இருக்க வேண்டும் என்றாள் அக்கா.

"சமமா நல்ல மீனே போடுறேன். அன்னிக்கு உங்க தம்பிக்குக் கிடைச்சது குறைதான், அது அவர் தலையெழுத்து."

கடைசியில் ஒரு வழி பிறந்தது. பக்குவமாகப் பொரித்த மீன் ஒரு தட்டு நிறைய. அதன் பக்கத்தில் சின்னத் தட்டில் ஒரு கருகிய துண்டு, பதிவுக்காக. வேண்டுமென்றே கருக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. நினைக்காமல் தானாகக் கருகுகிற மீன், பார்த்துக்கொண்டே நின்றால் கருக மாட்டேன் என்றது. அதற்கே இரண்டு துண்டு வீணாயிற்று.

ஏழு மணிக்குத் தம்பி சட்டையைப் போட்டுக்கொண்டு சொந்த வீட்டை விட்டு வெளியேறினான். எதிரே தையல் கடையில் போய் உட்கார்ந்தான். தன் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனைத் தையல்காரர், மாமனார் வீட்டுக்கு முதல் தடவை வந்த மாப்பிள்ளை மாதிரி முழிக்கிறாயே என்று சீண்டினார். உள்ளே தன்னுடைய நாற்காலியில் மோட்டார்க்கடை அம்மா உட்கார்வதைப் பார்த்தான். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். யாராவது சொல்லியிருப்பார்களா?

யாரும் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்த வேகத்தில் ஆட்டம் கண்டு, எழுந்து, நாற்காலியைத் தலைகீழாக்கி, பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துத் திருகாணியை முறுக்கிவிட்டுத்தான் சாப்பிடவே உட்கார்ந்தார். கோட்டுக்காரர் கோட்டைக் கழற்றலாமா என்று யோசித்து யோசித்து, ரொட்டி வந்ததும் கழற்றினார். நூல்பிடி மூலையில் ஒரு முக்காலியில் காகிதத்தோடு உட்கார்ந்தார். தனக்கு ஒன்றும் வேண்டாம், தான் பதிவாளர் மட்டுமே என்றார். சாப்பிடாத ஆள் தன் சமையலறைப் பக்கம் உட்காரக் கூடாது என்று தம்பி மனைவி சொல்லிவிட்டாள். அவர் விதிகளை மனதுக்குள் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு எழுதினார்: 'பதிவாளர் ஒரு துண்டு மீன் ஏற்றுக்கொண்டார்.' சற்று நேரம் கழித்து 'ஒரு' என்பதை அடித்து 'மூன்று' என்று திருத்தினார்.

கேள்விகள் மெதுவாக ஆரம்பித்தன. குழந்தைகளை எந்த வயதிலிருந்து ஆளாக எண்ணுவது, மூட்டை எத்தனை கிலோ வரைக்கும் இலவசம் என்று மோட்டார்க்கடை அம்மா கேட்டார். அக்கா சொல்லச் சொல்ல நூல்பிடியின் பேனா ஓடியது. கோட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாவது முறை மீன் வாங்கிக்கொண்ட பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. தன்னை இந்த ஊருக்கு அனுப்பியவர்கள் யாரும் இந்த ஆற்றைப் பார்த்ததில்லை என்றார். காகிதத்தில் கேட்டிருக்கிற பதினெட்டு மீட்டர் படகு தங்களிடம் தயாராக இருக்கிறது, அதனால்தான் மனுப் போட்டார்கள் என்றார்.

மோட்டார்க்கடை அம்மா மெல்லுவதை நிறுத்திக் கோட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "தம்பி, அக்கரைத் துறை மொத்தமே பதினாலு மீட்டர்தான். உங்க படகு அங்க எப்படி நிக்கும்?"

"நிக்காதா?"

"வாலை ஆத்துல நீட்டிக்கிட்டு நிக்கும். தண்ணி இழுக்கும். ஜனங்க பாதிப் பேர் துறைல, பாதிப் பேர் தண்ணியில."

கோட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா நூல்பிடியைப் பார்த்தாள். பதினெட்டு மீட்டருக்குக் குறைந்த படகுகள் ஏற்கப்படா என்று டெண்டரின் ஆறாவது பக்கத்தில் அழகாக எழுதியிருந்தது. அவள்தான் நகல் எடுத்தவள். அது நீளம் என்று தெரியும். நீளம் என்றால் என்னவென்று அவள் யோசித்ததே இல்லை.

"நான் ஏன் கேக்கலைன்னு நீங்க கேப்பீங்க," என்றார் மோட்டார்க்கடை அம்மா. "எல்லாம் தெரிஞ்சவங்க எழுதினதுன்னு நினைச்சேன். என் படகு பதிமூணு. முன்னாடி அஞ்சு மீட்டருக்குத் தகரத்துல ஒரு மூக்கு வச்சு, அளக்க வரும்போது காட்டிட்டு அப்புறம் கழட்டிறலாம்னு இருந்தேன். போன வாரம் இன்னொருத்தர் வேற வந்தார். அவர் பாத்து வச்சிருக்கிற படகுக்கும் அதே மாதிரி ஒரு மூக்கு வேணுமாம். யாருன்னு சொல்ல மாட்டேன். சுக்கான் பிடிச்சுக் கையெல்லாம் காய்ச்சுப்போன ஆள்."

தம்பி மனைவிக்குச் சிரிப்பு முதலில் வந்தது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். அது அக்காவிடம் தாவியது. ஜன்னலுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயத்துக்கு, தம்பி படகுக்கு மூக்கு வைக்கப் போயிருக்கிறான். கோட்டுக்காரர் என்னவென்று புரியாமலே சிரித்தார். எதிர்ப்பக்கம் தையல் கடையில் தம்பி, தன்னைத் தவிர எல்லாரும் தன் வீட்டில் சிரிப்பதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

நூல்பிடி மட்டும் சிரிக்கவில்லை. பேனாவைக் காகிதத்துக்கு இணையாக வைத்தார்.

"அதை எழுதினது நான்தான். படகைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. விளம்பரப் புத்தகம் ஒண்ணு தபால்ல வந்துச்சு. அதுல இருந்த படகோட அளவைப் பாத்து எழுதிட்டேன்."

அட்டை நீல நிறமா என்று கோட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றார் நூல்பிடி.

"எங்க புத்தகம்தான் சார்," என்றார் கோட்டுக்காரர் தயக்கமாக.

ஒரு காசு கைமாறாமல், ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், அந்த ஒரு வரி மூன்று பேரில் இரண்டு பேரை வாசலிலேயே நிறுத்தியிருக்கும். மூன்றாமவரை ஆற்றில் தள்ளியிருக்கும். அளவுகோல் இல்லாமல் கோடு போடாத மனிதர் செய்த வேலை. அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. மறைக்க அவருக்கு வழி இருந்தது. காகிதம் அவர் கையில்தான் இருந்தது. அவர் குனிந்து எழுதி, எழுதியதை எழுந்து நின்று படித்தார்.

"கேள்வி எண் பதினாலு. படகு பதினெட்டு மீட்டர் ஏன் இருக்க வேண்டும்? பதில்: வேண்டாம். தவறு என்னுடையது. அக்கரைத் துறையில் நிற்கக்கூடிய எந்தப் படகும் ஏற்கப்படும்."

நாற்காலியைச் சரிசெய்யவே அரை நாள் எடுக்கிற அலுவலகம் ஒரு தவறை ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள் சரிசெய்துவிட்டதே என்று மோட்டார்க்கடை அம்மா பாராட்டினார். தன் கம்பெனியிடம் சின்னப் படகும் உண்டு, அதை அனுப்பச் சொல்கிறேன் என்றார் கோட்டுக்காரர். ஏழே முக்காலுக்கு மூவரும் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினார்கள். சின்னத் தட்டில் இருந்த கருகிய துண்டைக் கடைசிவரை யாரும் தொடவில்லை. அதையும் நூல்பிடி குறித்துக்கொண்டார். தம்பி வீட்டுக்குள் வந்து, உள்ளே என்ன நடந்தது என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். காலையில் பலகையில் வரும், அங்கே போய்ப் படி என்றாள் அக்கா.

அவன் போனான். முதல் தடவையாக ஜன்னலுக்கும் வந்தான். வரிசையில் நின்று, முறை வந்ததும், பெயர் தெரியாத அதிகாரியிடம் பேசுகிற மரியாதையோடு, உறையை எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும் என்று கேட்டான். "வெள்ளிக்கிழமை மதியம் மூணு மணிக்குள்ள கொடுங்க," என்றாள் அவள். அவனை வாழ்நாளில் 'ங்க' போட்டுப் பேசியது அன்று மட்டும்தான்.

உறைகளைப் பிரித்த அன்று அக்கா மண்டபத்துக்குள் போகவில்லை. கதவு மூடியிருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த காகிதங்களைக் கலைத்து அடுக்கினாள். உள்ளே நூல்பிடியின் குரல் மட்டும் ஏற்ற இறக்கமில்லாமல் கேட்டது, எண்கள் கேட்கவில்லை. பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. முதலில் வெளியே வந்தவர் மோட்டார்க்கடை அம்மா.

"கம்பெனி முப்பத்தெட்டு. நான் நாப்பத்து நாலு." அவர் மூச்சு விட்டார். "உன் தம்பி நாப்பத்தாறு. எங்க போய்ச் சாவான் நாப்பத்தாறு நடைக்கு? ஓட்டிடுவான், படுபாவி. ஓட்டிடுவான்."

அக்கா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அடுக்கிய காகிதங்களை மறுபடி கலைத்தாள்.

ஆனால் விஷயம் இன்னும் முடியவில்லை. விதிப்படி ஏழு நாள், யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். அந்த ஏழு நாளும் அவள் ஜன்னலில் வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டில் வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை. தம்பியும் கேட்கவில்லை. தையல்காரரின் முதுகுவலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், முகத்தில் மட்டும் அடக்க முடியாத ஒரு வெளிச்சம்.

ஏழாம் நாள் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மோட்டார்க்கடை அம்மா வந்தார். பேனா கொடு என்றார். அக்காவின் கை கொடுத்தது, நெஞ்சு கொடுக்கவில்லை. அவர் பக்கத்தின் நடுவில் பெரிதாக எழுதினார்: 'தோற்றேன். ஆட்சேபம் இல்லை.'

"அம்மா, இல்லைன்னா எழுத வேண்டியதில்லை. சும்மா இருந்தா போதும்."

"தெரியும். இருபத்திரண்டு வருஷமா சும்மாதானே இருந்தோம். ஒரு தடவை எழுதிப் பாக்கலாம்னு வந்தேன்."

ஐந்து அடித்தது. அக்கா அளவுகோல் வைத்து அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, பதிவேட்டை மூடி, நூல்பிடியின் மேசையில் இணையாக வைத்துவிட்டுப் படி இறங்கினாள். நடந்துதான் போக நினைத்தாள். மூன்றாவது தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். படகுத்துறையில் சாயங்காலக் கூட்டம். சீட்டு வாங்கி வரிசையில் நின்றாள். வரிசை நகர்ந்தது, அவளுக்கு முன்னால் இருந்தவர் ஏறினார், கயிறு குறுக்கே விழுந்தது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் தம்பி. முகம் முழுக்கச் சிரிப்பு. அவனுக்கும் மணி ஐந்து அடித்தது கேட்டிருக்கிறது.

"ஆள் நிறைஞ்சிருச்சுக்கா. அடுத்த நடைல வா."

படகு கரையை விட்டு விலகியது. அக்கா துறையின் விளிம்பில் நின்று, ஏழு நிமிடம் போகவும் ஏழு நிமிடம் வரவும், அவனுக்காகக் காத்திருந்தாள்.